இரவல் செதில்கள்

நான் பெயர் சூட்டிய ஆழ்கடல் செதில் புழு ஒன்று உண்டு. அப்படி ஒரு புழு கடலில் இல்லை. இல்லை என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னவள் என்னிடம் ஆராய்ச்சி செய்த மாணவி. அவள் சொன்னது சரி என்று தெரிந்துகொண்டே, அதை நிரூபிக்கக்கூடிய ஒரே சான்றை ஒளித்து வைத்து, அவளுக்குக் கிடைக்க வேண்டிய முனைவர் பட்டத்தைக் கெடுத்தேன். கைதவறி நடந்ததல்ல. தெரிந்தே செய்தேன்.

இதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஓய்வு பெற்றவர்கள் இளையவர்களுக்காக எழுதும் அனுபவக் கட்டுரைகள் பலவற்றைப் படித்திருக்கிறேன். கப்பல், புயல், குமட்டல், கூட வந்த சமையல்காரரின் வேடிக்கை என்று பக்கம் பக்கமாகப் போகும். கடைசியில் போகிற போக்கில், “சில தவறுகளும் நேர்ந்தன” என்று ஒரு வரி வரும். நேர்ந்தனவாம்! மழை பெய்வதுபோலத் தவறுகள் தாமாக வந்து விழுந்தனவாம். உங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக எழுதித் தரும்படி நீங்கள் கேட்டபோது, அந்த வரியை எழுதாமல் இருப்பது என்று முடிவு செய்தேன்.

செதில் புழு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், என் குற்றம் முழுவதும் அந்த உடலமைப்பில்தான் இருக்கிறது. விரல்நீளம்கூட இல்லாத புழு. முதுகில் இரண்டு வரிசையாகச் செதில்கள், ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒவ்வொரு செதிலும் முதுகிலுள்ள ஒரு குமிழில் ஒட்டிக்கொண்டிருக்கும். தொந்தரவு செய்தால் புழு செதில்களை உதிர்த்துவிடும். சில இனங்களில் உதிர்ந்த செதில் இருட்டில் ஒளிரும். துரத்தி வந்த மீன் அந்த ஒளியைக் கவ்வும், புழு இருட்டுக்குள் நழுவிவிடும். ஆழ்கடலிலிருந்து வலையில் மேலே வந்து சேர்வதற்குள் பெரும்பாலானவை மொட்டை முதுகோடுதான் இருக்கும். செதில்கள் புட்டியின் அடியில் கிடக்கும். எந்தச் செதில் எந்த முதுகிலிருந்து வந்தது என்று புழு எழுந்து சொல்லப்போவதில்லை.

அதனால்தான் நம் தொழிலில் ஒரு புழுவுக்கு ஒரு புட்டி. கப்பலில் முதல் முறை ஏறும் எவருக்கும் சொல்லித் தருகிற முதல் விதி அது. எனக்கும் சொல்லித் தந்தார்கள்.

அந்தமான் பக்கம் ஆழத்திலிருந்து வலை ஏறிய ஒரு மத்தியானம். வலையில் கடலடியில் வெகுகாலம் மூழ்கிக் கிடந்த மரத்துண்டு ஒன்று வந்தது. பிளந்தபோது ஒரே பொந்துக்குள் இரண்டு செதில் புழுக்கள் இருந்தன. மழை தூறிக்கொண்டிருந்தது. அடுத்த வலையை இறக்க வேண்டும் என்று மேலிருந்து கத்திக்கொண்டிருந்தார்கள். புட்டிப் பெட்டி தளத்தின் மறுகோடியில் இருந்தது, என் கையில் ஒரே ஒரு புட்டி. ஒரே பொந்து, ஒரே அளவு, ஒரே பழுப்பு நிறம். ஆணும் பெண்ணுமாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டு மூடினேன். கரைக்கு வந்து திறந்தபோது இரண்டும் மொட்டை. செதில்கள் அடியில் குவியலாகக் கிடந்தன. பெரிய, முள்முள்ளான, நாங்கள் யாரும் அதுவரை பார்த்திராத செதில்கள். ஒரு புழு தன் செதில்களை வலையிலேயே உதிர்த்திருக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இதுவரை நடந்தது அவசரம் மட்டும்தான். அவசரத்தை மன்னிக்கலாம். தலை சிதையாமல் நன்றாக இருந்த புழுவை எடுத்து, அதன் உடலை வரைந்து, குவியலில் கிடந்த செதில்களை அதன் முதுகில் ஏற்றிப் புதிய இனம் என்று எழுதினேன். இரண்டாவது புழுவின் தலை நசுங்கியிருந்தது. அதைச் சின்னக் குப்பியில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

புது இனத்துக்கு எங்கள் ஆய்வு நிறுவன இயக்குநரின் பெயரை வைத்தேன்.

இந்த வழக்கத்தைப் பற்றி உங்களிடம் கோபமாகவே பேச வேண்டியிருக்கிறது. கப்பலில் இடம் கொடுப்பவர், பதவி உயர்வுக்குக் கையெழுத்துப் போடுபவர், நுண்ணோக்கி வாங்கப் பரிந்துரை செய்பவர், அவர் பெயரைப் பூச்சிக்கும் புழுவுக்கும் மீனுக்கும் வைப்பது. இதை மரியாதை என்கிறோம். மாலை போட்டால் மறுநாள் வாடிவிடும். இந்த மாலை வாடாது, அச்சில் ஏறிவிட்டால் ஏறியதுதான். அதனால்தான் எல்லோருக்கும் இதன்மேல் அவ்வளவு ஆசை. புழுவைப் பார்த்துப் பெயர் வைக்க வேண்டிய நாம், பெயரை முதலில் முடிவு செய்துவிட்டுப் புழுவைத் தேடிக்கொண்டிருந்தோம். அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வர வேண்டியிருந்தது. வந்தது.

இயக்குநர் கெட்டவர் அல்லர். நுண்ணோக்கியில் பார்த்துக் கோட்டுப்படம் வரைய எனக்குக் கை பிடித்துக் கற்றுக் கொடுத்தவர். கட்டுரை அச்சாகி வந்த அன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு, “கடலுக்கடியில எம்பேரு இருக்கும்னு நான் நெனச்சதே இல்லய்யா” என்று சொன்னார். கண் கலங்கியிருந்தது. அந்தக் கலங்கிய கண்தான் பிறகு என் கழுத்தைப் பிடித்தது.

பிரிசில்லா என்னிடம் வந்து சேர்ந்தது அதற்குச் சில வருடம் கழித்து. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண். அவள் அப்பா எங்கள் ஊரான ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தார். அந்தப் பக்கத்துப் பேச்சை ஆய்வகத்தில் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது என்பதும் அவளைச் சேர்த்துக்கொண்டதற்கு ஒரு காரணம். கெட்டிக்காரி, அதைவிடப் பிடிவாதக்காரி. அந்தக் கப்பல் பயணத்தில் கிடைத்த செதில் புழுக்கள் எல்லாவற்றையும் மறுபடி பார்த்து எழுதுவதுதான் அவளுடைய ஆய்வு. எல்லாவற்றையும் என்றால் என்னுடையதையும்தான்.

ஒருநாள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“சார், செத்த நேரம் வந்து பாக்கணும். இந்தச் செதில் இந்த உடம்போடது இல்ல சார்.”

“என்னம்மா சொல்ற?”

“செதிலுக்கு அடியில ஒட்டியிருந்த தழும்பு நீள்வட்டமா, பெருசா இருக்கு. முதுகுல இருக்க குமிழு வட்டமா, சின்னதா இருக்கு. ஒண்ணுகூடப் பொருந்தல. பொத்தான் எம்புட்டுப் பெருசு, காஜா எம்புட்டுச் சின்னது! எந்த டெய்லரும் இப்படி ஒரு சட்டையைத் தைக்க மாட்டாரு சார்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தவறைக் கண்டுபிடித்துச் சொன்னால் நான் சந்தோஷப்படுவேன் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படித்தான் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

“உங்க அலமாரியில இன்னொரு புழு இருக்குல்ல சார், தலை நசுங்குனது? அது முதுகைப் பாத்தா முடிஞ்சுபோச்சு. செதில் அதோடதா இருந்தா, அதுதான் புது இனம். நீங்க படம் போட்டது ஏற்கெனவே தெரிஞ்ச பழைய புழு.”

அன்று மாலை எல்லோரும் போனபிறகு குப்பியை எடுத்து நானே பார்த்தேன். ரொம்ப நேரம் ஆகவில்லை. நசுங்கிய தலைக்குப் பின்னால் முதுகில் நீள்வட்டக் குமிழ்கள் வரிசையாக இருந்தன. ஒரு செதிலை இடுக்கியால் எடுத்து வைத்துப் பார்த்தேன். பொருந்தி உட்கார்ந்தது.

அந்த நிமிடத்தில் நான் செய்திருக்க வேண்டியது மிகச் சின்ன வேலை. மறுநாள் காலை, “நீ சொன்னது சரிம்மா, எழுது” என்று சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அவளுக்கு ஒரு புது இனம் கிடைத்திருக்கும். என் பெயருக்கு ஒரு திருத்தம் வந்திருக்கும், நம் தொழிலில் திருத்தம் வாங்காதவர் யார்? ஆனால் வைத்த பெயர் நான் வரைந்த உடலோடுதான் போகும், இயக்குநரின் பெயர் பழைய புழுவின் பட்டியலில், செல்லாத பெயராகப் போய்ச் சேரும். பணி நீட்டிப்பை எதிர்பார்த்துக்கொண்டிருந்த அவரிடம் போய், “உங்கள் புழு பொய்” என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. குப்பியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

என் புழுவைப் பற்றிய அத்தியாயத்தை விட்டுவிடு என்று பிரிசில்லாவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். மற்ற அத்தியாயங்களே பட்டத்துக்குப் போதும் என்றேன்.

“போதுமா போதாதான்னு நான் கேக்கல சார். தப்பா, சரியான்னுதான் கேக்கேன்.”

விஷயம் ஆய்வுக் குழுவின் முன் போனது. வெளியூரிலிருந்து வந்திருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் நேராகவே கேட்டார்: “ரெண்டாவது உடம்பு எங்கே? அதைப் பார்த்தா தீர்ந்துதே.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிரிசில்லாவும் பார்த்தாள், நம்பிக்கையோடு.

“கெட்டுப்போச்சு சார். குப்பியில ஆல்கஹால் வத்தி, காஞ்சு, வீசிட்டோம்” என்றேன்.

“உங்ககிட்ட வந்து சொன்ன அன்னிக்குக்கூட அலமாரியில பாத்தேனே சார். குப்பி நிறைய ஆல்கஹால் இருந்துச்சே?” என்றாள் அவள்.

அப்போது குழுவில் இருந்த எங்கள் இயக்குநர் வாயைத் திறக்கவே இல்லை. கேட்ட பேராசிரியர்தான் திறந்தார். “ஏம்மா, கைடு பொய் சொல்றார்ங்கிறியா? சொல்லித் தந்தவர் மேலயே பழியா?” அவர் கேட்ட கேள்வியை அவரே மறந்துவிட்டார். புழுவின் முதுகைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அறை, ஒரு நொடியில் பெண்ணின் அடக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டது. படித்தவர்கள், முடிவு சொல்லும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். அந்த அறையில் ஒருவர், ஒரே ஒருவர், “குப்பியைத் தேடிப் பார்ப்போம்” என்று சொல்லியிருந்தால் போதும். மேசைக்கடியில் என் காலருகே இருந்த பையில்தான் குப்பி இருந்தது. யாரும் சொல்லவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு கொதிக்கிறது. என்மேல் வருகிற கோபம் தனி. இது அந்த அறையின் மேல்.

“நான் யாரையும் சொல்லல சார். புழுவைப் பத்தி மட்டுந்தான் பேசுறேன்” என்றாள் பிரிசில்லா.

ஆதாரம் இல்லாத அத்தியாயத்தை நீக்கினால்தான் ஆய்வு மேலே போகும் என்று குழு எழுதியது. நீக்க மாட்டேன் என்றாள். அவள் உதவித்தொகையை நீட்டிக்கும் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. சில மாதங்களில் ஊருக்குப் போய்விட்டாள். செதில் புழு தன் செதிலை உதிர்த்துத் தப்பிக்கும் என்று மேலே எழுதினேன் அல்லவா? நான் உதிர்த்த செதில் அவள்.

நான் பேராசிரியரானேன், துறைத் தலைவரானேன், ஓய்வு பெற்று ராஜபாளையத்துக்கு வந்தேன். இயக்குநர் காலமாகிவிட்டார். குப்பி என்னோடு வீடு வீடாக வந்தது. பீரோவில் ஸ்வெட்டருக்குப் பின்னால் கிடந்தது. அதைத் தூக்கி எறியவும் மனம் வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் துணிவில்லை. ஒருநாள் எடுத்தபோது ஆல்கஹால் முழுவதும் வற்றியிருந்தது. புழு கண்ணாடியில் ஒரு பழுப்புத் துரும்பாக ஒட்டிக்கிடந்தது. குழுவின் முன் நான் சொன்ன பொய், என் பீரோவுக்குள் தானாகவே உண்மையாகிவிட்டிருந்தது.

அதற்குப் பிறகும் நான் வாய் திறக்கவில்லை. திறக்க வைத்தது ஒரு பாராட்டு விழா.

போன வருடம் எங்கள் ஊர்க் கல்லூரி ஒன்றின் செயலர், என்னோடு பள்ளியில் படித்தவன், வீட்டுக்கு வந்தான்.

“ஏலே, ஆழ்கடல்ல போயி புழுவைக் கண்டுபிடிச்ச ஆளு நம்மூர்ல இருக்கான்னு பிள்ளைகளுக்குத் தெரிய வேணாமா? ஒரு விழா வச்சிருக்கேன். வரமாட்டேன்னு சொல்லிராத, பிளெக்ஸ் அடிச்சாச்சு.”

போனேன். வாசலில் ஆள் உயரத்துக்கு மேல் என் படம். பக்கத்தில் என் புழு. நான் வரைந்த அதே படத்துக்குக் கணினியில் தங்க நிறம் ஏற்றியிருந்தார்கள். இரவல் செதில்கள் தகதகவென்று மின்னின. அடியில் ‘கடலின் ஆழம் கண்ட எங்கள் மண்ணின் மைந்தர்’ என்று எழுதியிருந்தது. வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் அதன் முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மேடையில் பேச எழுந்தபோது சொல்லிவிட்டேன். “வாசலில் நீங்கள் பார்த்த புழு கிடையாது. ஒரு புழுவின் உடம்பில் இன்னொன்றின் செதிலை நான்தான் ஒட்டினேன். அதைக் கண்டுபிடித்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரைச் சேர்ந்த ஒரு பெண். அவர் படிப்பை நான் கெடுத்தேன்.”

அரங்கத்தில் கைதட்டினார்கள்! ஆமாம், கைதட்டினார்கள். செயலர் ஒலிவாங்கியை வாங்கி, “பாத்தீகளா, எம்புட்டு அடக்கம்! பெரிய மனுசன்னா இப்படித்தான் இருக்கணும்” என்றான். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இறங்கும்போது என் காதில், “ஏன்டா, விழாவுல வந்து இழவு வீடு மாதிரிப் பேசுற? பொறவு அந்த பிளெக்ஸை நான் என்ன செய்ய?” என்றான். நான் செய்த அநியாயத்தை என் வாயாலேயே சொன்னாலும் அதையும் என் பெருமையாக மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தது அந்தக் கூட்டம். நாற்காலி பெரியதாக இருந்தால் அதில் உட்கார்ந்திருப்பவன் செய்த திருட்டும் பணிவாகத் தெரியும். நீங்கள் நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் செய்தி எப்படியோ உங்கள் காதுக்கும் வந்தது. உங்களில் இருவர் போனில் அழைத்து, “எதுக்கு சார் இந்த வயசுல? இயக்குநரும் இல்லை. அந்த மேடமும் ஃபீல்டை விட்டுப் போயிட்டாங்க. யாருக்கு என்ன லாபம்?” என்று கேட்டீர்கள். அன்போடுதான் கேட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன். அவள் துறையை விட்டுத் தானாகவா போனாள்?

அடுத்த வாரம் பஸ் ஏறினேன். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் எவ்வளவு தூரம் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். டிக்கெட் கொடுத்து முடிப்பதற்குள் வந்துவிடும். ஓய்வு பெற்று வந்த நாளிலிருந்து அந்தத் தூரத்தைத்தான் நான் கடக்காமல் இருந்தேன்.

பிரிசில்லா ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்கிறாள். சர்ச்சுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. கதவைத் திறந்தவர் அவள் அம்மா. யாரென்று சொன்னேன். அந்த அம்மா உள்ளே கூப்பிடவில்லை.

“நீகதானா அவுக?” என்று மேலும் கீழும் பார்த்தார். “ஒரு கேள்வி கேக்கேன், பதில் சொல்லிட்டு உள்ள வாங்க. எம்பொண்ணு படிப்பைப் பாதியில விட்டுட்டு வந்தப்போ ஊர்ல என்ன பேசினாக தெரியுமா? அங்க எவன் கூடயோ என்னமோ ஆயிப்போச்சு, அதான் ஓடியாந்துட்டான்னு பேசினாக. ஒரு புழுவுக்காக வந்துட்டான்னு நான் யாருகிட்டப் போயிச் சொல்ல? சொன்னா எவ நம்புவா? வந்த வரன் அம்புட்டும் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் திரும்பிப் போச்சு. அவ அப்பா அந்த ஏக்கத்துலயே போயிட்டாரு. புழுவாம், புழு!”

ஆராய்ச்சி போயிற்று, பட்டம் போயிற்று என்று மட்டும்தான் நான் கணக்கு வைத்திருந்தேன். இந்தப் பேச்சு என் நினைப்பிலேயே வந்ததில்லை. ஒரு பெண் பாதியில் திரும்பி வந்தால் ஊர் என்ன பேசும் என்று இந்த ஊர்ப்பக்கம் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? தெரியும். நினைக்காமல் இருந்துகொண்டேன்.

“யாரும்மா?” என்று கேட்டுக்கொண்டே பிரிசில்லா வந்தாள். தலையில் நரை கண்டிருந்தது. என்னை அடையாளம் தெரிந்ததும் முகம் இறுகியது. “உள்ள வாங்க சார்” என்றாள். மரியாதைக்குச் சொன்னது.

உட்காரவில்லை. குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தேன். குழுவில் சொன்னது பொய் என்றும், அன்றைக்கு அது என் பையில் இருந்தது என்றும், அதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன் என்றும், அவள் சொன்னது சரி என்றும் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. கேட்டால் அவள் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பாரத்தையும் அவள்மேல் ஏற்றக் கூடாது என்று நினைத்திருந்தேன்.

அவள் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண் நிறைந்தது. என்னால் இல்லை, புழுவால்.

“இப்படியா சார் காயப்போடுவீக? ஒளிச்சு வச்சதுதான் வச்சீக, மாசத்துக்கு ஒருக்கா ஆல்கஹால் ஊத்தியிருக்கக் கூடாதா? திருடுன பொருளையாவது பத்திரமா வச்சிருக்கலாம்ல?”

அவள் அம்மா உள்ளேயிருந்து, “அதுக்கும் ஒரு பியூன் வேணும் போல அவுகளுக்கு” என்றார்.

“மீட்க முடியுமா?” என்று கேட்டேன்.

“தெரியல. காஞ்சதை மெல்ல ஊற வைக்கிற கரைசல் இருக்கு. அவசரப்பட்டா கரைஞ்சு போயிரும்.” பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “இது இனிமே இங்கதான் இருக்கும். நீங்க கொண்டு போகக் கூடாது. இதுல நீங்க எதுலயும் சேரவும் கூடாது. கட்டுரை, படம், ஒண்ணுலயும்.”

“சரி.”

“நன்றின்னுகூட உங்க பேரைப் போட மாட்டேன்.”

“சரிம்மா.”

“அம்மான்னு சொல்லாதீக சார்.”

வந்துவிட்டேன். காபி குடிக்கிறீகளா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

என்னால் ஆனதைச் செய்தேன். என் இனம் செல்லாது, உடல் பழைய இனத்தைச் சேர்ந்தது, செதில் வேறு புழுவுடையது, இதை முதலில் கண்டது இன்னார், அன்று நான் மறுத்தேன் என்று ஒரு திருத்தக் குறிப்பு எழுதி அச்சிடச் செய்தேன். அந்தக் கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாமே, அறிவியலுக்கு அது அவசியம் இல்லையே என்று பதிப்பாசிரியர் கேட்டார். அதற்காகத்தான் மற்ற வாக்கியங்களையே எழுதினேன் என்று பதில் அனுப்பினேன். பட்டம் தரும் பல்கலைக்கழகத்துக்கும் எழுதினேன்: பிழை மாணவியுடையது அல்ல, வழிகாட்டியுடையது, அவருடைய ஆய்வை மீண்டும் திறக்க வேண்டும் என்று. பதிவு காலாவதியாகிவிட்டது, விதிகளில் இடமில்லை என்று பதில் வந்தது. ஒரு பொய்யை ஏற்றுக்கொள்ள விதி எதுவும் தேவைப்படவில்லை. அந்தப் பொய்யைத் திருத்தத்தான் இடமில்லையாம். இன்னொரு முறை எழுதினேன். அதற்குப் பதிலே இல்லை. இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிரிசில்லா பள்ளி ஆய்வகத்தில் புழுவை ஊற வைத்தாள். எனக்குச் சொல்லவில்லை. கோடை விடுமுறையில் அருங்காட்சியகத்துக்குப் போய், பின்னாளில் நான் அங்கே ஒப்படைத்திருந்த செதில்களை வாங்கிப் பொருத்திப் பார்த்ததையும் சொல்லவில்லை. அவள் கட்டுரை வெளிவந்தபோது உங்களில் ஒருவர் அனுப்பித்தான் படித்தேன். ஒரே ஆசிரியர் பெயர். கீழே நிறுவனம் இல்லை, பதவி இல்லை, ‘மேல்நிலைப் பள்ளி ஆசிரியை, ஸ்ரீவில்லிபுத்தூர்’ என்று மட்டும் இருந்தது. படங்கள் என்னுடையவற்றைவிட நன்றாக இருந்தன. மாதிரிப் புழுவின் வரலாறு என்ற பகுதியில், அந்தப் புழு அழிந்துவிட்டதாக முன்பு சொல்லப்பட்டது என்றும், பின்னாளில் சொன்னவராலேயே காய்ந்த நிலையில் கொண்டுவந்து தரப்பட்டது என்றும் எழுதியிருந்தாள். என் பெயர் அங்கே இருந்தது. அடைமொழி எதுவும் இல்லை, நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த அந்த நிறுவனம் அவளைக் கௌரவிக்க அழைத்ததாகக் கேள்விப்பட்டேன். பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் உண்டாம். பிளஸ் டூ திருப்புதல் தேர்வு நடக்கிறது, வர இயலாது என்று சொல்லிவிட்டாளாம். எங்கள் கல்லூரி வாசலில் தங்கச் செதில் பிளெக்ஸ் இன்னும் நிற்கிறது. இறக்கச் சொல்லி மூன்று முறை போய்விட்டு வந்தேன். “நல்லாத்தான இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்லே” என்கிறான் செயலர். பிள்ளைகள் இன்னமும் அதன் முன் நின்று படம் எடுக்கிறார்கள்.

கட்டுரையில் நான் கடைசியாகப் பார்த்தது புழுவுக்கு அவள் வைத்த பெயரை. அவள் அப்பா பெயரை வைத்திருப்பாள் என்று நினைத்தேன், அல்லது ஊர்ப் பெயரை. எந்த மனிதர் பெயரும் இல்லை. செதிலுக்கு அடியிலுள்ள தழும்பு நீள்வட்டமானது என்று பொருள்படும் ஒரு பெயர். அன்றைக்கு என் அறை வாசலில் நின்று அவள் சொன்ன அதே வரி. அந்தப் புழுவை இனி எந்தக் கடலிலிருந்து எடுத்தாலும், எடுத்தவர் முதலில் செதிலைத் திருப்பி, நான் பார்த்தும் மறைத்த அந்த இடத்தைத்தான் பார்த்தாக வேண்டும்.